குடும்பநல நீதிமன்றத்தில் ஆதாரம்: எதை எடுக்கலாம், எதைக் கேட்டு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது என்று எந்த வழக்குக்கு வந்தாலும் சரி, முதல் சந்திப்பில் பாதிப் பேர் போனை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு "எல்லாம் இதில் இருக்கு சார், இது போதுமா?" என்பார்கள். மீதிப் பேர் கையில் ஒன்றுமே இல்லாமல் வந்து, "அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்றே தெரியாதே, நான் எப்படி நிரூபிப்பது?" என்பார்கள். இரு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். நீங்களாகப் பறித்து எடுத்ததைவிட, நீதிமன்றத்தில் மனுப் போட்டு வரவழைத்த ஆவணம் குறுக்கு விசாரணையில் நன்றாக நிற்கும். அப்படிக் கேட்க உரிமை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் காலம் கடந்துதான் கேட்கிறார்கள்.

கீழே இருப்பவை நீதிமன்ற வராண்டாவில் திரும்பத் திரும்ப என் காதில் விழுகிற கேள்விகள். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய சாட்சிய அதிநியம் வந்துவிட்டதால், அதன் பிரிவு எண்களையே தருகிறேன்.

குடும்பநல நீதிமன்றத்துக்குச் சாட்சியச் சட்டமே பொருந்தாது என்கிறார்களே?

பாதி உண்மை. 1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 14ஆவது பிரிவு, தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி நினைக்கிற எந்த அறிக்கையையும், ஆவணத்தையும், தகவலையும் சாட்சியச் சட்டப்படி அது செல்லுமா செல்லாதா என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான், நம்பியாக வேண்டும் என்பதில்லை. கோப்பில் ஏறிவிட்டதாலேயே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தவர்கள், தீர்ப்பில் அந்த ஆவணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 14ஆவது பிரிவு பேசுவது குடும்பநல நீதிமன்றத்தைப் பற்றி. அது இல்லாத ஊர்களில் திருமண வழக்குகள் சார்பு நீதிமன்றத்தில் நடக்கின்றன. அங்கே இந்தச் சலுகையை நம்பிக்கொண்டு போகாதீர்கள், வழக்கமான சாட்சியச் சட்டப்படியே தயாராகுங்கள்.

என் மனைவியோடு நான் போனில் பேசியதை அவருக்குத் தெரியாமல் ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறேன். நீதிமன்றம் கேட்குமா?

கேட்கும். 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பஞ்சாபில் உள்ள பதிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட கணவர், மனைவியோடு பேசிய பேச்சுகளை சிடியில் போட்டுக் கொடுத்தார். கீழ் நீதிமன்றம் 2020இல் ஏற்றது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2021இல், மனைவியின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று ரத்து செய்தது. கடைசியில் நீதிபதிகள் நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு உயர் நீதிமன்ற உத்தரவைத் தள்ளிவிட்டு, ஒலிப்பதிவைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது.

காரணம் என்ன தெரியுமா? கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதை வெளியில் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, முன்பு 122ஆவது பிரிவு, இப்போது 128. ஆனால் அதே பிரிவிலேயே, அந்த இரண்டு பேருக்குள்ளேயே வழக்கு நடந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கும் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. இப்படி ரெக்கார்ட் செய்ய அனுமதித்தால் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது பெருகிவிடாதா என்ற வாதத்துக்கும் பதில் சொன்னது: வேவு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் அந்தத் திருமணம் ஏற்கெனவே உடைந்துபோனதன் அறிகுறி அது.

அப்படியென்றால் இனி எதை வேண்டுமானாலும் ரெக்கார்ட் செய்யலாம், போனை நோண்டலாம், அப்படித்தானே?

இல்லை, இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வழக்கில் இருந்தது, கணவர் தாமே பேசிய பேச்சு. நீங்கள் ஒரு முனையில் இருக்கும் உரையாடல் வேறு, உங்கள் மனைவி அவருடைய தோழியிடம் பேசுவதை ஒட்டுக்கேட்பது வேறு. அவர் போனில் உளவுச் செயலி ஏற்றுவது, கடவுச்சொல்லைத் திருடி மின்னஞ்சலைத் திறப்பது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும், 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். படுக்கையறையில் ஒளித்துவைத்த கேமரா என்றால் அது இன்னும் மோசம், அதற்குத் தனிக் குற்றப் பிரிவுகள் உண்டு. குடும்பநல நீதிமன்றம் அந்த ஆதாரத்தை ஒருவேளை வாங்கிக்கொண்டாலும், எதிர்த்தரப்பு உங்கள் மேல் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுப்பதை அது தடுக்காது. நீங்களே கையெழுத்துப் போட்டு "நான்தான் எடுத்தேன்" என்று பிரமாணப் பத்திரம் வேறு கொடுத்திருப்பீர்கள்.

நம் ஊர் வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவியின் அழைப்பு விவரப் பட்டியலை ஆவணமாகத் தாக்கல் செய்தார். 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவியின் அந்தரங்கத்தை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்று அதை ஒதுக்கினார். கணவரே கொடுத்திருந்த மின்னணுச் சான்றிதழும் ஏற்கப்படவில்லை. அதற்குப் பிறகு வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் இன்று கீழமை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்பது சரி. ஆனால் யாரோ ஒரு கம்பெனியின் கணினியில் இருக்கும் பதிவுக்கு நீங்கள் எப்படிச் சான்று கொடுக்க முடியும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. எத்தனை தடவை சொன்னாலும் ஜெராக்ஸ் கடையில் இருந்து நேராக 80 பக்கத்தோடு வருகிறார்கள்.

மின்னணுப் பதிவு எதுவானாலும் சாட்சிய அதிநியத்தின் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், பழைய 65பி சான்றிதழின் புதிய வடிவம் இது. சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. பகுதி ஏ-யை நீங்களும் பகுதி பி-யை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சான்றிதழை முதலிலேயே கொடுப்பது நல்லது. விட்டுப்போனாலும், விசாரணை முடிவதற்குள் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு தேர்தல் வழக்கில் சொல்லியிருக்கிறது. மூலக் கருவியையே, அதாவது அந்த போனையே, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதனால் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். டிஸ்ப்ளே உடைந்திருந்தாலும் பீரோவில் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை, யார் எண்ணை வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம், எண் தெரிய வேண்டும். அப்புறம், உங்களுக்கு வசதியான 10 செய்திகளை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்காதீர்கள். மீதியை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்போது அந்த 10 செய்தியின் மதிப்பும் போய்விடும்.

வேறொருவரோடு பழக்கம் இருப்பதாகச் சந்தேகம். ஹோட்டல் பதிவு, அழைப்பு விவரம் எல்லாம் எப்படி வாங்குவது?

நேராகப் போய்க் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் இடைக்கால மனு போட்டு, இன்ன நிறுவனம் இன்ன ஆவணத்தை அனுப்ப வேண்டும் என்று சம்மன் கேட்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆவது கட்டளை இதற்குத்தான் இருக்கிறது. டெல்லியில் ஒரு மனைவி, கணவர் ஜெய்ப்பூர் ஹோட்டலில் தங்கிய விவரத்தையும் அவருடைய அழைப்பு விவரத்தையும் வரவழைக்கக் கேட்டார். குடும்பநல நீதிமன்றம் அனுமதித்தது, அந்தரங்க உரிமை என்று சொல்லி எதிர்த்த கணவரின் மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தள்ளுபடி செய்தது. பிறன்மனை உறவு 2018க்குப் பிறகு குற்றம் இல்லை என்றாலும் விவாகரத்துக்கு அது இன்னும் காரணம்தான், அதை நிரூபிக்க மனைவிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பதே அந்த நிலைப்பாடு.

ஆனால் மனுவில் தேதி, இடம், எண் எல்லாம் குறிப்பாக இருக்க வேண்டும். "கடந்த 5 ஆண்டு அழைப்பு விவரம் முழுவதும் வேண்டும்" என்று வலை வீசினால் பெரும்பாலும் தள்ளுபடிதான், அதுவும் நியாயம்தான். அந்தப் பட்டியலில் வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேருடைய எண்கள் இருக்கும்.

காலக்கெடுவையும் கவனியுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு விவரத்தை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை, அதற்குப் பிறகு அழிந்தாலும் யாரையும் கேட்க முடியாது. சிசிடிவி அதற்கும் முன்பே, பல இடங்களில் சில வாரத்திலேயே, பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். வழக்குப் போட்டு, கவுன்சிலிங் முடிந்து, எதிருரை வந்து, வாய்தா மேல் வாய்தா போய், விசாரணைக்கு வரும்போது ஆதாரம் இருக்காது. அதனால் அழிக்காமல் பாதுகாத்து வைக்கச் சொல்லியாவது ஓர் உத்தரவை ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

டிடெக்டிவ் வைக்கலாமா?

வைக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. நம் நாட்டில் தனியார் துப்பறிவாளர்களுக்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்த 2007இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். பொது இடத்தில் நடப்பதைப் பார்த்துக் குறிப்பெடுப்பது வரை பிரச்சினை இல்லை. அந்த ஆள் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அறிக்கை வெறும் காகிதம். "காசு கொடுங்கள், அழைப்பு விவரத்தையே வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2018இல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீசார் இப்படி அழைப்பு விவரம் விற்றதற்காகத் துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள்.

வீட்டுக்காரர் மாதம் 15,000தான் சம்பாதிப்பதாகச் சொல்கிறார். ஆனால் கார் வைத்திருக்கிறார், ஊரில் இடம் வாங்கியிருக்கிறார். நான் எப்படிக் காட்டுவது?

எனக்கு வருகிற கேள்விகளில் அதிகம் இதுதான், இதற்குத்தான் சட்டத்தில் நல்ல வழிகளும் இருக்கின்றன.

முதலாவது, அவரையே சொல்ல வைப்பது. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, வக்கீல்கள் "ரஜ்னேஷ் நேஹா" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன்படி ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தே ஆக வேண்டும். விவசாய வருமானம் உள்ளவர்களுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு 4 வாரம் அவகாசம், இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கலாம். பொய் சொன்னால் பொய்ச் சாட்சியம் என்று நடவடிக்கை கேட்கலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 379ஆவது பிரிவு. இந்தப் பத்திரம் வராமலேயே வழக்கு மாதக்கணக்கில் ஓடுவதைப் பார்க்கிறேன். வரவில்லை என்றால் ஒவ்வொரு வாய்தாவிலும் எழுந்து சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்த உத்தரவும் இல்லாமல் நீங்களே எடுக்கக்கூடியது. பொதுப் பதிவேடுகளைப் பார்ப்பது யாருடைய அந்தரங்கத்தையும் மீறுவதில்லை. கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம், யார் யாருக்கு எப்போது எழுதிக் கொடுத்தார் என்று அதில் வந்துவிடும். பட்டா, சிட்டா இணையத்திலேயே கிடைக்கும். வழக்கு நோட்டீஸ் போன அடுத்த வாரமே அப்பா பேருக்கோ தம்பி பேருக்கோ செட்டில்மென்ட் எழுதியிருப்பதை இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள், அந்தத் தேதியே ஒரு நல்ல சாட்சி. கம்பெனி இயக்குநரா என்று கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பார்க்கலாம். கடை வைத்திருந்தால் பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை வைத்து அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அவரே ஊரறியப் போட்ட திருமண விளம்பரத்தில் அன்றைக்குச் சொன்ன சம்பளம், பெண் பார்க்க வந்தபோது தரகர் கொடுத்த பயோடேட்டா, இதெல்லாம் பெரிய ஆதாரம் இல்லைதான், ஆனால் குறுக்கு விசாரணையில் "அன்றைக்கு 80,000 என்று எழுதினீர்களே, இன்றைக்கு எப்படி 15,000 ஆனது?" என்று கேட்க அது போதும்.

மூன்றாவது, நீதிமன்றத்தின் வழியாக. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆவது கட்டளைப்படி, நீதிமன்ற அனுமதியோடு எழுத்து மூலம் கேள்விப் பட்டியல் கொடுத்து அவரைப் பிரமாணத்தில் பதில் சொல்ல வைக்கலாம், அவர் கையில் இருக்கும் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லியும் கேட்கலாம். நம் ஊர்களில் இந்தக் கேள்விப் பட்டியலை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை, எனக்கு அது வருத்தம். எந்த வங்கிகளில் கணக்கு இருக்கிறது, கார் யார் பெயரில், தவணை எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று 12 கேள்வி ஒழுங்காகக் கேட்டால் பல வாய்தா மிச்சம். அவர் வேலை பார்க்கும் நிறுவனத்திடம் சம்பளச் சான்றும், வங்கியிடம் கணக்கு அறிக்கையும் கேட்டுச் சம்மன் அனுப்பலாம். அரசு ஊழியர் என்றால் சம்பளம் வழங்கும் அலுவலருக்குச் சம்மன் போனால் வேலை முடிந்தது. 1891ஆம் ஆண்டு வங்கிக் கணக்குப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிட்ட நகலே போதும், மேனேஜர் லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் அவர் ஒன்றும் காட்டவில்லை என்றால்? தன் வருமானம் தனக்கு மட்டுமே தெரிந்த விஷயம், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்று சாட்சிய அதிநியத்தின் 109ஆவது பிரிவை வைத்து வாதாடலாம். கையில் இருப்பதை மறைத்தால், அது வெளிவந்தால் தனக்குப் பாதகம் என்பதால்தான் மறைக்கிறார் என்று நீதிமன்றம் ஊகிக்க 119ஆவது பிரிவு இடம் தருகிறது. கைக்காசில் ஓடும் தொழிலில் இருப்பவர்களுக்கு எதிராக இந்த ஊகம்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். பிள்ளைக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, கார் தவணை ஆகியவற்றைக் கூட்டினாலே அவர் சொல்லும் 15,000ஐத் தாண்டிவிடும்.

இதையெல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன?

கேட்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல், பொதுநலன் இருந்தாலன்றித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே சொல்லிவிட்டது. முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று அலைவதற்குள் நீதிமன்றத்தில் ஒரு மனுவில் அதே ஆவணத்தை வரவழைத்துவிடலாம்.

நான் டியூஷன் எடுத்து 8,000 சம்பாதிக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும், பிரமாணப் பத்திரம் இரண்டு பேருக்கும்தான். 8,000 வருவதால் ஜீவனாம்சம் போய்விடாது, மறைத்தது தெரிந்தால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அவர் கணக்கை நோண்டச் சொல்லி நாம் மனுப் போடும்போது நம் கணக்கு சுத்தமாக இருப்பது நல்லதுதானே.

போட்ட நகைக்கும் சீருக்கும் ரசீது இல்லை. என்ன செய்வது?

ரசீது இருப்பவர்களே குறைவு. கல்யாண ஆல்பத்தையும் வீடியோவையும் எடுங்கள், கழுத்திலும் கையிலும் இருந்ததை அது காட்டும். நகைக்கடையில் அப்பா பெயரில் பழைய பில்லின் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள், சீட்டுக் கட்டி வாங்கியிருந்தால் அந்த அட்டை. நகையை அடகு வைத்திருந்தால் அந்த ரசீதில் கிராம் கணக்கு இருக்கும். அப்புறம் மொய் நோட்டு. தாய்மாமன் என்ன போட்டார், அத்தை என்ன போட்டார் என்று அன்றைக்கே ஒருவர் உட்கார்ந்து எழுதிய நோட்டு அது, பிரச்சினை வருவதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதால் அதற்குத் தனி மதிப்பு. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த 1985ஆம் ஆண்டு விதிகளின்படி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளைத் தனித்தனிப் பட்டியலாக எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். யார் செய்கிறார்கள்? நான் பார்த்த கல்யாணங்களில் ஒன்றில்கூட இல்லை.

குழந்தை என்னுடையது இல்லை என்று நினைக்கிறேன். டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவு கேட்கலாமா?

கேட்கலாம், எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. சட்டப்படியான திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தையும், திருமணம் முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தையும் அந்தக் கணவருடையது என்று சாட்சிய அதிநியத்தின் 116ஆவது பிரிவு முடிவாகவே சொல்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை உடைக்க முடியும். வெளிநாட்டில் இருந்தீர்களா, பாஸ்போர்ட் முத்திரை இருக்கிறதா, அதிலிருந்து தொடங்குங்கள்.

1993இலிருந்தே உச்ச நீதிமன்றம் இதை வழக்கமான உத்தரவாகப் போடக் கூடாது என்கிறது. 2014இல் ஒரு வழக்கில், மனைவி மறுத்தால் அவருக்கு எதிராக ஊகம் கொள்ளலாம் என்று சொல்லிப் பரிசோதனைக்கு வழிவிட்டது உண்மை. 2023இலோ, மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையைக் கருவியாக்க முடியாது, அதற்கு வேறு சாட்சியம் கொண்டுவாருங்கள் என்று மறுத்தது. ஒலிப்பதிவை ஏற்ற அமர்வில் இருந்த நீதிபதி நாகரத்னா இந்தத் தீர்ப்பிலும் இருந்தார். அம்மா அப்பா பேச்சை ரெக்கார்ட் செய்வது அந்த இரண்டு பேர் விவகாரம், டிஎன்ஏ என்றால் வழக்கில் கட்சியாகவே இல்லாத ஒரு பிள்ளையின் தலையில் விழுகிறது. இதைத் தனியாக ஒரு லேபில் கொடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

மனநல மருத்துவரிடம் அவர் காட்டிய சீட்டை எடுக்கலாமா?

மருத்துவமனை உங்களிடம் தராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கிறது. நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, முகாந்திரம் இருக்க வேண்டும், மறுத்தால் எதிரான ஊகம் வரலாம். தூக்க மாத்திரைச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு "பைத்தியம்" என்று மனுவில் எழுதுகிறவர்கள் உண்டு. அது நிரூபணமாகாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டே கொடுமை என்று உங்கள் மேல் திரும்பும்.

"அப்பாகிட்ட போக மாட்டேன்" என்று குழந்தை சொல்வதை வீடியோ எடுத்தேன். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பின்னால் நிற்கும் அம்மாவின் குரலை நீதிபதிகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தார் என்றுதான் முடியும். விவரம் தெரிந்த வயதுக் குழந்தை என்றால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம், நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவார். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி மருத்துவர், நல நிபுணர் உதவியும் கேட்டுப் பெறலாம். நீங்கள் கொடுக்க வேண்டியவை, பள்ளிக்கு யார் கூட்டிப்போனார், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார் என்று காட்டுகிற சாதாரணக் காகிதங்கள். பள்ளி டைரியில் இருக்கும் கையெழுத்து, தடுப்பூசி அட்டை மாதிரி.

அவர் துபாயில் இருக்கிறார், அவர் அப்பா பவர் வாங்கி வழக்கை நடத்துகிறார். அவரே சாட்சியும் சொல்கிறார், சரியா?

மனுத் தாக்கல் செய்யலாம், கையெழுத்துப் போடலாம். ஆனால் கணவர் மனைவிக்குள் அறைக்குள் நடந்ததை மாமனார் எப்படிச் சொல்ல முடியும்? தனக்கு நேரடியாகத் தெரியாததைப் பவர் ஏஜென்ட், கொடுத்தவருக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லியிருக்கிறது. கணவரைக் காணொலி வழியாக விசாரிக்கச் சொல்லி மனுப் போடுங்கள். விசா கிடைக்கவில்லை, லீவு இல்லை என்ற காரணம் இப்போது எடுபடாது.

ஆவணம் வரவழைக்கக் கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்பீல் போகலாமா?

இடைக்கால உத்தரவு என்பதால் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் அப்பீல் இல்லை. அரசியல் சட்டத்தின் 227ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு மனுவாகப் போகலாம். அதற்கு முன், மனு ஏன் தள்ளுபடி ஆனது என்று உத்தரவைப் படியுங்கள். பல நேரம் காரணம், என்ன ஆவணம், எதை நிரூபிக்க என்று மனுவில் ஒரு வரிகூட இல்லாததுதான். திருத்தி, குறிப்பாக எழுதி மறுபடி கேட்க வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவர் பேசின ஆடியோவைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டால் ஊருக்கு உண்மை தெரியுமே?

போட்ட அன்றே அது அவருக்கு ஆதாரமாகிவிடும். அவமானப்படுத்தினார், அது மனக்கொடுமை என்று மனுவில் சேர்ப்பார்கள். ஒரு தரப்பு கேட்டாலே குடும்பநல நீதிமன்றம் மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்று 11ஆவது பிரிவு சொல்கிற அளவுக்கு இந்த வழக்குகளில் ரகசியத்துக்கு மதிப்பு இருக்கிறது. நீதிமன்றத்துக்குக் கொடுங்கள், உங்கள் வக்கீலுக்குக் கொடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை. இத்தனை மனுவையும் நானே போட முடியுமா?

முடியும், கஷ்டம்தான். குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது உரிமையாகவே இல்லை, அந்தச் சட்டத்தின் (குடும்பநல நீதிமன்றச் சட்டம்) 13ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் நீதிமன்றத்தின் அனுமதியோடு எல்லாரும் வைக்கிறார்கள். தானாக வாதாடுபவருக்குச் சம்மன் மனுவும் கேள்விப் பட்டியலும் எழுதத் தெரியாமல் போவதுதான் பெரிய இழப்பு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். போகும்போது திருமணப் பத்திரிகை, ஆதார், மனு நகல், நீங்கள் பூட்டிவைத்திருக்கும் அந்தப் பழைய போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது என்ன நடந்தது என்று தேதி வாரியாக இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கு நியமிக்கப்படும் வக்கீல் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்.